கார்பனிலிருந்து ஆக்சிஜன்: ஆல்ஃபா இடமாற்ற வினையும் உடைவின் விளைவும்

மனித உடலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன்; ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கார்பன். இவ்விரு தனிமங்களும் விண்மீன்களின் உட்புறத்தில் உருவானவை. மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் இணைந்து கார்பன் பிறக்கிறது. அக்கார்பன் மேலும் ஒரு ஹீலியம் அணுக்கருவை, அதாவது ஆல்ஃபா துகளை, ஏற்றுக் காமாக் கதிரை உமிழ்ந்து ஆக்சிஜனாகிறது. இந்த இரண்டாம் வினை மிக விரைவாக நடந்திருந்தால் கார்பன் எஞ்சியிராது. மிக மெதுவாக நடந்திருந்தால் ஆக்சிஜன் அரிதாகியிருக்கும். ஆகவேதான் 1983ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஃபௌலர், இவ்வினையின் வேகத்தைத் துல்லியமாக அறிவதன் தேவையைத் தம் ஏற்புரையில் வலியுறுத்தினார்.

அதை நேரடியாக அளப்பது எளிதன்று. விண்மீனில் ஏறத்தாழ 20 கோடி கெல்வின் வெப்பநிலையில், 0.3 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் அளவிலான ஆற்றலில் அது நிகழ்கிறது. நேர்மின்னேற்றமுடைய இரு அணுக்கருக்களும் ஒன்றையொன்று விலக்குவதால், வினைக்கான வாய்ப்பு அங்கே மிக அற்பம். அணுக்கரு வினைகளை அளக்கும் பார்ன் என்னும் அலகை ஆயிரம் கோடி கோடியாகப் பகுத்தால், அதில் ஏறத்தாழ ஒரு பங்கே தேறும்.

எனவே அறிஞர்கள் மறைமுக வழியை நாடினர். கார்பனும் ஆல்ஃபாவும் இணைவதற்கான 7.16 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வாயிலுக்குச் சற்றுக் கீழே, 6.92, 7.12 ஆகிய ஆற்றல்களில் ஆக்சிஜனுக்கு இரு நிலைகள் உள்ளன. விண்மீனில் நிகழும் வினையின் வேகத்தை இவையே பெரிதும் தீர்மானிக்கின்றன. இந்நிலைகளில் ஆல்ஃபா எவ்வளவு உறுதியாக ஒட்டியுள்ளது என்பதை அறிய, லித்தியம்-6 அணுக்கருவைக் கார்பன்மீது மோதவிடுகிறார்கள். லித்தியம் தன் ஆல்ஃபாவைக் கார்பனிடம் விட்டுவிட்டு டியூட்ரானாக வெளியேறுகிறது. அந்த டியூட்ரானின் ஆற்றலும் திசையும் புதிய ஆக்சிஜனின் நிலையைக் காட்டிக்கொடுக்கின்றன. இதுவே ஆல்ஃபா இடமாற்ற வினை.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. லித்தியம்-6இல் ஆல்ஃபாவும் டியூட்ரானும் 1.47 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலால் மட்டுமே பிணைந்துள்ளன. ஆல்ஃபாவை எளிதில் வழங்கச்செய்யும் இத்தளர்ச்சியே, மோதலின்போது லித்தியத்தை உடைத்தும் விடுகிறது. உடைவினால் வெளிப்படும் டியூட்ரான்கள், இடமாற்றத்தால் வந்தவற்றோடு கலந்து தொடர்ச்சியான பின்னணியாகப் படிகின்றன. மேலும், உடைந்த நிலைகளின் வழியாகவும் இடமாற்றம் நிகழக்கூடுமாதலால், ஒரே படியில் அது நிகழ்கிறது எனக் கொள்ளும் எளிய கணக்கு பிறழ்ந்துவிடலாம்.

இதற்கு மூன்று வகைகளில் தீர்வு காண்கின்றனர். முதலாவது, 2.47 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் பிணைப்புடைய லித்தியம்-7ஐயும் பயன்படுத்தி முடிவுகளை ஒப்பிடுதல். இரண்டாவது, மின்விலக்கு அரணுக்குக் கீழான ஆற்றலில் மோதவிடுதல். அங்கே அணுக்கருக்களின் விளிம்புகளே தொடர்புறுவதால் கணக்கின் ஐயங்கள் குறைகின்றன. 1999இல் புரூன் குழுவினர் இவ்விரு வழிகளையும் இணைத்து முடிவுகளை வெளியிட்டனர். மூன்றாவது, உடைந்த நிலைகளைச் சிறு சிறு கூறுகளாகப் பகுத்து, அவற்றின் பங்கையும் கணக்கில் சேர்த்தல். டியூட்ரானின் உடைவுக்காக 1974இல் ராவிட்ஷர் முன்வைத்த இம்முறையை ஜப்பானின் கியூஷு அறிஞர்கள் வளர்த்தெடுத்தனர்.

நேரில் அளக்க இயலாத ஒன்றை வேறொன்றின் வாயிலாக அறியும்போது, அந்த வேறொன்றின் இயல்பையும் நன்கறிந்திருக்க வேண்டும். லித்தியத்தின் உடைவைப் புறக்கணித்துப் பெற்ற எண், பார்வைக்குத் துல்லியமாகத் தோன்றினாலும், விண்மீனைப் பற்றிய நம் கணக்கைத் திசைதிருப்பிவிடக்கூடும்.