மீட்டருக்கு வந்த மானியம்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்திருக்கும் வடமதுரையில், சௌந்தரராஜப் பெருமாள் கோயிலை அடுத்த பழைய வீதிகளானாலும் சரி, நூற்பாலைத் தொழிலாளிகள் வாடகைக்குக் குடியிருக்கும் வரிசை வீடுகளானாலும் சரி, மீட்டர் பெட்டிக்கு அருகில் ஆணியில் தொங்கும் வெள்ளை அட்டை ஒன்றைக் காணாமல் இருப்பது அரிது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருபவர் அதில் குறித்துவிட்டுப் போகும் எண்தான், சித்திரை வெயிலில் மின்விசிறியை விடியும்வரை ஓடவிடலாமா, நடுநிசியிலேயே நிறுத்திவிட்டுத் திண்ணையில் போய்ப் படுக்கவேண்டுமா என்பதை அநேக சம்சாரிகளுக்குத் தீர்மானித்துக் கொடுக்கிறது.

அந்த எண்ணில் முதல் நூறு யூனிட்டுக்கு எவரும் காசு கொடுக்கவேண்டியதில்லை. 2016 மே 23 அன்று, ஜெயலலிதா மீண்டும் முதலமைச்சராகப் பதவியேற்ற தினத்தில் கையெழுத்திட்ட முதல் உத்தரவுகளில் இதுவும் ஒன்று. அதனால் ஆண்டுக்கு 1,607 கோடி ரூபாய் அதிகச் செலவாகும் என்று அரசாங்கம் அப்போது அறிவித்தது. இந்தச் சலுகைக்கு மனு இல்லை. வருமானச் சான்றிதழ் இல்லை. தாசில்தார் அலுவலக வாசலில் காத்து நிற்பதும் இல்லை. கூலிக்காரர் வீட்டுக்கும் அரிசி ஆலை முதலாளி வீட்டுக்கும் ஒரே விதமாக நூறு யூனிட் கழிக்கப்படுகிறது. பணக்காரனுக்கு எதற்கு இந்தத் தானம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. ஆயினும், பிற தேசங்களில் இதே உதவி எவ்வாறு வழங்கப்படுகிறது என்பதைக் கவனித்தால், நம் ஏற்பாட்டின் அருமை சற்று விளங்கும்.

அமெரிக்காவில் 1981 முதல் ஏழைக் குடும்பங்களின் வீட்டு எரிபொருள் செலவுக்கு மத்திய அரசாங்கம் பணம் ஒதுக்கி வருகிறது. அதைப் பெற விரும்புகிறவர் சம்பளச் சீட்டையும் குடும்ப அங்கத்தினர் கணக்கையும் காட்டி விண்ணப்பிக்கவேண்டும். அந்த வருஷத்து ஒதுக்கீடு தீர்ந்துபோனால், தகுதி இருந்தும் பலன் இல்லை. பிரிட்டனில் 1997-இல் முதியோருக்குக் குளிர்கால எரிபொருள் தொகை வந்தது. 2011-இல் ஏழைகளின் மின்கட்டணத்தில் ஒரு தொகையைக் கழிக்கும் திட்டமும் வந்தது. அங்கே குளிர் மனிதனைக் கொல்லும். இங்கே வெயில் வாட்டும். உபத்திரவம் வேறானாலும் குடும்பத் தலைவியின் கவலை ஒன்றுதான். தன் வறுமையை ஒரு மேஜைக்கு முன்னால் நின்று நிரூபிக்கவேண்டிய சங்கடம் மட்டும் நம்மூரில் இல்லை. நமது அண்டை மாநிலமான கர்நாடகம் 2023-இல் மாதம் இருநூறு யூனிட் வரை இலவசம் என்று அறிவித்தபோது, ஒவ்வொரு குடும்பமும் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்று விதித்தது. தமிழ்நாட்டில் அந்தச் சிரமமும் கிடையாது.

மின்கட்டணத்தைப் பற்றிய வழக்கு இந்த வட்டாரத்துக்குப் புதியதன்று. 1970-இல் கோயம்புத்தூர் ஜில்லாவின் பெருமாநல்லூரில், பம்புசெட்டுக்கான கட்டணம் யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்ந்ததை எதிர்த்த விவசாயிகள் மூவர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் அந்தக் கிளர்ச்சி பரவியபோது, 1978-இல் வேடசந்தூர்ப் பகுதியிலும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. பிற்பாடு 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. கிணற்று மேட்டில் இரத்தம் சிந்திப் பெற்ற சலுகைதான் காலக்கிரமத்தில் வீட்டு வாசலுக்கும் வந்து சேர்ந்தது என்று நான் எண்ணுவதுண்டு. சரித்திர ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வார்களோ, மாட்டார்களோ!

இனி, கணக்கு. பத்திரிகைக் கட்டுரையில் கணக்கைக் கண்டதும் பக்கத்தைத் திருப்பிவிடும் வாசகர்கள் இந்த ஒருமுறை பொறுமை காட்டவேண்டும்; ஏனென்றால், அரசாங்கத்தின் உதவி முழுவதும் இந்தக் கணக்கினுள்தான் மறைந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 10 அன்று அமலுக்கு வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் ஐந்நூறு யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்கு முதல் நூறு இலவசம். அடுத்த நூறு, யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. அதற்கடுத்த இருநூறு, 4 ரூபாய் 50 காசு. மீதி நூறு, 6 ரூபாய். இதன்படி இருநூறு யூனிட் செலவழித்த வீட்டுக்கு 225 ரூபாயும், ஐந்நூறு யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1,725 ரூபாயும் ஆகும். ஐந்நூறைத் தாண்டிவிட்டாலோ, இரண்டாவது நூறுக்குரிய அந்த 2 ரூபாய் 25 காசுச் சலுகை அடியோடு மறைந்து, அதுவும் 4 ரூபாய் 50 காசாகிவிடும். மேற்கொண்டு ஓடிய முதல் நூறு யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம். ஆகவே, 501 யூனிட் காட்டிய வீடு 1,958 ரூபாய் கட்டவேண்டும். ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 2024 ஜூலையில் நூற்றுக்கு 4.83 வீதம் கட்டணம் ஏறியது. 2025 ஜூலையில் ஏறவேண்டியதை வீடுகளைப் பொறுத்தவரை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. எண்கள் சிறிது மாறினாலும் கணக்கின் அமைப்பு அப்படியேதான் இருக்கிறது.

ஐந்நூறு யூனிட் ஏழை வீட்டுக்கு எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். தனித்த ஏழை வீட்டுக்கு வராது. ஆனால் கிராமாந்தரங்களில் ஒரு மீட்டரின்கீழ் ஒரு குடும்பந்தான் வாழ்கிறது என்று யார் சொன்னார்கள்? தகப்பனார் கட்டிய ஓட்டு வீட்டில், மூத்தவன் முன்கட்டிலும் இளையவன் பின்கட்டிலும் தனித்தனி அடுப்பு வைத்துக்கொண்டு, தனித்தனி ரேஷன் கார்டும் வாங்கிக்கொண்டு, மீட்டரை மட்டும் பொதுவில் வைத்திருப்பது சர்வ சாதாரணமான காட்சி. ஒவ்வொருவரும் 255 யூனிட் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். தனித்தனி மீட்டர் இருந்தால் தலைக்கு 472 ரூபாய் 50 காசு, இருவருக்குமாக 945 ரூபாய். ஒரே மீட்டரில் சேர்ந்து 510 ஆகும்போது 2,030 ரூபாய். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 1,085 ரூபாயை அந்தக் குடும்பம் அநாவசியமாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. இத்தகையோர் செய்யவேண்டியது, தனி வாசலும் தனிச் சமையலறையும் உள்ள பகுதிக்குத் தனி இணைப்புக் கேட்டு, வீட்டுவரி ரசீது முதலிய பத்திரங்களுடன் மின்வாரியத்துக்கு விண்ணப்பிப்பதே. உண்மையில் ஒரே குடும்பம் வசிக்கும் வீட்டுக்குச் சலுகையை உத்தேசித்து இரண்டு மீட்டர் வாங்குவது வேறு விஷயம். வாரியம் அதை அனுமதிப்பதில்லை.

இன்னும் பெரிய அநீதி வாடகைக் குடித்தனக்காரருடையது. வரிசையாக ஆறு அறைகளைக் கட்டி, ஒரே இணைப்பிலிருந்து கம்பி இழுத்து, அறைக்கொரு சிறு மீட்டரை மாட்டி, "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று தாமே ஒரு விலையை நிர்ணயித்து வசூலிக்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அரசாங்கம் தந்த நூறு யூனிட் இலவசம் அந்த ஆறு குடும்பங்களில் ஒன்றையும் எட்டுவதில்லை. மில்லில் இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் உறங்குகிறவனுக்கு மின்விசிறி சுகபோகமன்று. அது இல்லாவிட்டால் மறுநாள் இயந்திரத்தின் முன்னால் கண் சொக்கும். சர்க்கார் கொடுத்த மானியம் மனிதனுடைய பெயரில் இல்லை, மீட்டரின் பெயரில் இருக்கிறது என்பதே இந்த ஏற்பாட்டின் பிறவிக் குறை. மனு வேண்டாம் என்ற சௌகரியமும், மீட்டர் இல்லாதவனுக்கு ஒன்றுமில்லை என்ற கொடுமையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. குடியேறும் முன்பே, தனி சர்வீஸ் உண்டா, அட்டை யார் கையில் இருக்கும், பில்லை நேராக நாமே கட்டலாமா என்று கேட்டுக்கொள்வது, அட்வான்ஸ் தொகையைப் பற்றிப் பேரம் பேசுவதைக் காட்டிலும் அவசியமானது.

2022-இன் இறுதியில் மின் இணைப்புடன் ஆதார் எண்ணை இணைக்கவேண்டும் என்ற உத்தரவு வந்தபோது, இலவச நூறு யூனிட்டை நிறுத்தத்தான் இந்தச் சூழ்ச்சி என்ற வதந்தி டீக்கடைதோறும் உலாவியது. அப்படி ஒன்றும் நிகழவில்லை. அந்தப் பதிவிலே ஒரு நல்ல அம்சம் இருந்தது: உரிமையாளர், வாடகைதாரர், உரிமையாளராக இருந்தும் இணைப்பைப் பெயர் மாற்றாதவர் என்று மூவகையினருக்கும் இடம் வைத்திருந்தார்கள். மூன்றாவது வகையார் நம் பக்கத்தில் ஏராளம். பாட்டனார் காலமாகி இருபது வருஷம் ஆனபின்பும், மின்கட்டணம் அவர் பெயரிலேயே வந்துகொண்டிருக்கும். வழக்கு, இடமாற்றம், புதுக் கம்பி என்று ஏதாவது ஒன்று வரும்போதுதான் வாரிசுகளுக்கு அந்தப் பெயரின் ஞாபகம் வருகிறது. வாரிசுச் சான்றிதழையோ பத்திரத்தையோ வைத்து இப்போதே பெயர் மாற்றிக்கொள்வது உத்தமம்.

குடிசைகளின் விஷயம் தனி. சிறு பரப்பில், மண்சுவரும் எளிய கூரையுமாக இருக்கும் குடிசைக்கு அரசாங்கமே முழுக் கட்டணத்தையும் வாரியத்துக்குச் செலுத்திவிடுகிறது. குடியிருப்பவருக்கு பில்லே இல்லை. அந்தக் குடிசை வீடு கட்டும் திட்டத்தின் உதவியால் காரை வீடாக மாறும்போது, இணைப்பையும் சாதாரண வீட்டு இணைப்பாக மாற்றிக்கொள்ளவேண்டும். இதைச் செய்யாமல் விட்டவர்கள் பின்னால் பறக்கும் படையின் சோதனையில் அபராதம் கட்ட நேரிடலாம். சின்னாளபட்டி போன்ற ஊர்களின் கைத்தறி நெசவாளருக்கு 2016-இல் இருநூறு யூனிட்டாக இருந்த இலவசம், 2023 மார்ச்சில் முந்நூறாக உயர்த்தப்பட்டது, விசைத்தறிக்கு ஆயிரம்.

அடுப்பைப் பற்றிச் சொல்லாமல் வீட்டு எரிபொருள் செலவைப் பற்றிய பேச்சு பூர்த்தியாகாது. 2006-இல் அமைந்த தமிழ்நாட்டு அரசாங்கம் ஏழைகளுக்கு எரிவாயு இணைப்பையும் அடுப்பையும் இலவசமாகக் கொடுத்தது. மத்திய அரசாங்கத்தின் உஜ்வலா திட்டம் 2016 மே முதல் தேதியன்று உத்தரப் பிரதேசத்தில் தொடங்கியது. இதுவரை இணைப்பே இல்லாத ஏழைக் குடும்பத்தின் வயதுவந்த பெண் ஒருவர், ஆதாரும் ரேஷன் கார்டும் வங்கிக் கணக்குப் புத்தகமும் கொண்டு கேஸ் ஏஜென்சியில் விண்ணப்பிக்கலாம். இடம்பெயர்ந்து வந்தவர்கள் முகவரிக்குச் சுய உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும் என்ற தளர்வு 2021-இல் சேர்க்கப்பட்டது. நூற்பாலைகளுக்கு வடக்கேயிருந்து குடும்பத்தோடு வந்திருப்பவர்களுக்கு இது மிகவும் பிரயோஜனமானது. உஜ்வலா சிலிண்டர் ஒன்றுக்கு 2022 மே மாதத்திலிருந்து 200 ரூபாயும், 2023 அக்டோபரிலிருந்து 300 ரூபாயும் மானியம். ஆனால் முழு விலையையும் முதலில் கொடுத்துவிட்டு, பின்னால் வங்கியில் வந்து விழும் மானியத்துக்குக் காத்திருக்கவேண்டும். வாரக் கூலியில் ஜீவனம் செய்கிறவளிடம் அந்த முழு விலை ஒருசேர இருக்குமா? இல்லாதபோது அவள் கண்மாய்க் கரையில் சீமைக் கருவேல முள்ளை வெட்டிக் கட்டிக்கொண்டு வருகிறாள். அடுப்படியில் சிலிண்டர் பண்டிகைக்காகக் காத்திருக்கிறது.

கூரையில் சூரியத் தகடு பதிக்க 2024 பிப்ரவரியில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டத்தில், ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றும் அதற்கு மேலும் ஆனால் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. வெயிலுக்கு வடமதுரையில் பஞ்சமில்லை. சொந்தக் காரைக் கூரையும் கைமுதலும் உள்ளவருக்கு இது நல்ல திட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மானியத்தைவிட விரைவில் பலன் தருவது மின்விசிறிதான் என்பது என் அபிப்பிராயம். பழைய மாதிரி விசிறி 75 வாட். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல். புதிய வகை விசிறி 28 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. செலவு 25 யூனிட். இரண்டு விசிறியை மாற்றினாலே 84 யூனிட் மிச்சம். நூற்றைம்பது யூனிட் காட்டிக்கொண்டிருந்த சிறு வீடு, இலவச நூறுக்குள் வந்துவிடும். விலை கூடுதல் என்பது மெய். அரசாங்கம் இலவச விசிறி கொடுத்த காலத்தில் இந்த ஜாதி விசிறி பிரபலமாக இருக்கவில்லை. இனி ஏதேனும் அரசாங்கம் விசிறி கொடுப்பதானால் இதைக் கொடுக்கலாம்.

மானியம் தருவதால் மின்வாரியம் நஷ்டப்படுகிறது என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு, மானியம் அறிவிக்கும் மாநில அரசாங்கம் அந்தத் தொகையை வாரியத்துக்கு முன்கூட்டியே செலுத்தவேண்டும் என்கிறது. ஆகவே நூறு யூனிட்டைப் பெறுகிறவர் வாரியத்தின் கடன்காரர் அல்லர். அவர் பேரில் பணம் கட்டப்பட்டிருக்கவேண்டும். அலுவலக ஜன்னலில் யாரேனும் அலட்சியமாகப் பேசினால் இதை ஞாபகப்படுத்தலாம்.

அதே சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்குமுன் பதினைந்து முழு நாள் அவகாசம் தந்து எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தாகவேண்டும். பில்லில் சந்தேகம் இருந்தால், ஆட்சேபத்தைத் தெரிவித்துக்கொண்டே தொகையைக் கட்டி, துண்டிப்பைத் தவிர்த்து, பிறகு வழக்காடவும் அதே பிரிவு இடம் கொடுக்கிறது. மீட்டர் தாறுமாறாக ஓடுவதாகத் தோன்றினால், கட்டணம் செலுத்திச் சோதிக்கச் சொல்லலாம். ரீடிங் எடுப்பவர் சில நாள் தாமதித்து வந்ததால் யூனிட் ஐந்நூறைத் தாண்டியதா என்பதை அட்டையில் உள்ள தேதிகளைக் கொண்டு கண்டுகொள்ளலாம். ஆகையால் தேதியைக் குறிக்காமல் போகவிடக் கூடாது. வாய்மொழிப் புகாருக்கு, 2021 ஜூனில் தொடங்கிய மின்னகம் என்னும் சேவை மையம் 94987 94987 என்ற எண்ணில் இரவும் பகலும் இயங்குகிறது. புகாருக்கு ஓர் எண் தருவார்கள், அதை எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். அதனாலும் தீராவிட்டால், திண்டுக்கல் மின் பகிர்மான வட்டத்தின் குறைதீர்க்கும் மன்றத்துக்கு மனுச் செய்யலாம். அதன் தீர்ப்பும் திருப்தியளிக்காவிட்டால் சென்னையில் உள்ள மின்குறை தீர்ப்பாளரிடம் முறையிடலாம். மனுவை வெள்ளைத் தாளில், தமிழிலேயே எழுதலாம். சர்வீஸ் நம்பரை மட்டும் தலைப்பில் பிழையில்லாமல் எழுதவேண்டும்.