அப்பாவின் பெயர் உள்ள கல்
ஹில்ஸ்பரோ நினைவிடம், ஆன்ஃபீல்ட், லிவர்பூல்

1989 ஏப்ரல் 15. லிவர்பூலும் நாட்டிங்காம் ஃபாரஸ்டும் மோதிய எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியைக் காண ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்துக்குப் போன ரசிகர்கள், கம்பிவேலிக்குள் நெரிசலில் சிக்கினார்கள். 97 பேர் உயிரிழந்தார்கள். கடைசியானவர் 32 ஆண்டுகள் காயங்களோடு வாழ்ந்து, 2021இல் மறைந்தார்.

அவர்களில் பலர் அப்பாக்கள். பிள்ளையின் கழுத்தில் முதல் சிவப்பு ஸ்கார்ஃபைச் சுற்றிவிட்டவர்கள். தந்தையும் மகனும் சேர்ந்தே மாண்ட வீடும் உண்டு.

ஒரு வாரத்தில் இந்த ஊர், எவர்ட்டனின் நீலத்தையும் லிவர்பூலின் சிவப்பையும் முடிச்சுப் போட்டு, ஸ்டான்லி பூங்காவின் குறுக்கே குடிசன் பார்க்கிலிருந்து ஆன்ஃபீல்ட் வரை ஸ்கார்ஃப் சங்கிலி கட்டியது. அன்று போட்டி அணிகளுக்கும் துக்கம் ஒன்றே.

பழியோ ரசிகர்கள் மேல் விழுந்தது. குடும்பங்கள் விடவில்லை. 27 ஆண்டுகளுக்குப் பின், 2016இல், இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் தவறில்லை என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது.

அவர்களின் பெயர்களைத் தாங்கிய இந்த நினைவுக் கல்லின் நடுவே எரியும் சுடர் அணைவதில்லை. ஒரு பெயரின் முன் சற்று நில்லுங்கள். அது யாரோ ஒருவரின் அப்பாவாக இருக்கலாம். ஆட்டம் பார்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டியவர்.