கித்தாருக்கு ஏற்ற பசை எது?

உங்கள் வீட்டில் கித்தார் இருக்கிறதா? இருந்தால் அதைச் சற்று எடுத்து வாருங்கள். தந்திகளின் அடிமுனைகள் வந்து பிணையும் மரக்கட்டையைக் கவனியுங்கள். வீணைக்காரர்கள் இதைக் 'குதிரை' என்பார்கள். கடைக்காரர்கள் 'பிரிட்ஜ்' என்பார்கள். அந்தக் குதிரையின் பின்விளிம்பில், கட்டைக்கும் முகப்பலகைக்கும் நடுவே, ஒரு தாளின் நுனியை நுழைத்துப் பாருங்கள். தாள் உள்ளே போகவில்லை என்றால் நிம்மதி. போனால், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

என் அண்ணனின் கித்தாரில் தாள் உள்ளே போயிற்று.

1981-ஆம் ஆண்டு. நாங்கள் அப்போது தோட்டத்து லயத்தில் இருந்தோம். காலையில் பால்மரம் வெட்டி, மாலையில் புல் வெட்டப் போய், வெள்ளி வெள்ளியாகச் சேர்த்து அண்ணன் பட்டணத்தில் வாங்கிய பழைய கித்தார் அது. கோயில் திருநாளா, கல்யாண வீடா, அண்ணன் இல்லாமல் பாட்டு இல்லை. ஒருநாள் குதிரையின் பின்பக்கம் இலேசாகத் தூக்கியிருப்பதைக் கண்டார். உடனே கடைக்குப் போய், இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் பசையை வாங்கி வந்தார். "இரும்பையே ஒட்டும்" என்று கடைக்காரர் சொன்னாராம்.

உண்மைதான், கல்போல ஒட்டியது. ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து, அக்காளின் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, 'படார்' என்று ஒரு சத்தம். குதிரை கழன்று தந்திகளில் தொங்கியது. அது தனியாக வரவில்லை. முகப்பலகையின் மரநாரையும் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது.

பட்டணத்தில் ஒரு வயதான ஆசாரி, வாத்தியங்களைப் பழுது பார்ப்பவர். கித்தாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, பசை விட்டிருந்தால் நாளைக்கே ஒட்டித் தந்துவிடுவேன். நீ போட்ட பசை விடவில்லை, பலகைதான் விட்டுவிட்டது" என்றார். அக்காளின் கல்யாணத்தில் அண்ணன் பந்தலில் சும்மா உட்கார்ந்திருந்தார். எவ்வளவு பலமாக ஒட்டுகிறது என்பது மட்டும் ஒரு பசையின் குணம் அல்ல என்பதை எங்கள் வீடு அன்றுதான் கற்றுக்கொண்டது.

பசைக்கு என்ன அப்படி வேலை?

உலோகத் தந்தி பூட்டிய கித்தாரில், ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையோடு குதிரையை இழுக்கின்றன. ஒரு வளர்ந்த ஆளின் எடை! நைலான் தந்தி என்றால் ஏறக்குறைய 40 கிலோ. குதிரை அமர்ந்திருக்கும் முகப்பலகையின் தடிப்போ மூன்று மில்லிமீட்டருக்குள்தான். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், சுருதி கூட்டி வைத்த கித்தாரில் இந்த இழுப்பு இரவும் பகலும் ஓயாது.

ஆகவே கித்தார்ப் பசைக்கு மூன்று குணங்கள் வேண்டும். முதலாவது, காய்ந்த பின் கெட்டியாக நிற்க வேண்டும். இழுப்புக்கு மெல்ல மெல்ல இடம் கொடுத்து நகரக் கூடாது. இரண்டாவது, மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய படலமாக அடங்க வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம்: பழுது பார்க்க வேண்டிய நாள் வந்தால், மரத்தைக் காயப்படுத்தாமல் விட்டுக் கொடுக்க வேண்டும்.

"நம் ரப்பர் பாலே நல்ல பசைதானே?" என்று கேட்கத் தோன்றும். தாளுக்கும் துணிக்கும் அது நல்ல பசைதான். கித்தாருக்கு ஆகாது. ரப்பரின் பெருமையே அது நீளும் என்பதுதான். 70 கிலோ இழுப்பில் அது நீண்டுகொண்டே போகும். குதிரையும் கூடவே நகரும். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையிலும் இதே குறை உண்டு. காய்ந்தாலும் அது சற்று நெகிழ்ந்தே இருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் இன்னும் இளகும்.

ஆசாரிமார் அறிந்த வச்சிரம்

மூன்று குணங்களும் உள்ள பழைய பசை ஒன்று உண்டு. நம் ஆசாரிமார் அதை 'வச்சிரம்' என்பார்கள். மாட்டுத் தோலை ஊறவைத்து, காய்ச்சி, வடித்து, உலர்த்தி எடுப்பது. கடையில் தேன் நிறத்தில் சர்க்கரை மணிபோல் கிடைக்கும்.

எகிப்தில் தீப்ஸ் நகரத்தருகே, ஏறக்குறைய 3,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரெக்மிரே என்னும் அமைச்சரின் கல்லறைச் சுவரில் தச்சர்கள் வேலை செய்யும் ஓவியம் இருக்கிறது. அதில் நெருப்பின் மேல் பசைச்சட்டி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தச்சுப்பட்டறையில் பசைச்சட்டி அவ்வளவு பழையது.

தச்சர் கைப் பசைதான் கித்தார்ப் பசையும் ஆயிற்று. ஜெர்மனியின் சாக்ஸனிப் பகுதியில் மார்க்நொய்கிர்ஹென் என்ற ஊர் உண்டு. அங்கே, "மரச்சாமான் தச்சர்கள் கித்தார் செய்யக் கூடாது, அது எங்கள் தொழில்" என்று வயலின் செய்வோர் சங்கம் வழக்காடியது. அந்தத் தச்சர் பக்கத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின் 1833-ல் கப்பலேறி நியூயார்க்கில் கடை வைத்தார். சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊருக்குக் குடிபெயர்ந்தார். உலகப் புகழ் பெற்ற மார்ட்டின் கித்தார்கள் பிறந்த கதை இதுதான். 1960-கள் வரை அந்தப் பட்டறையில் வச்சிரமே ஆண்டது. உற்பத்தி பெருகிய காலத்தில், காய்ச்ச வேண்டாத செயற்கைப் பசை இடம் பிடித்தது. பிறகு, பழைய முறைப்படி செய்யும் சில உயர்விலைக் கித்தார்களுக்கு அதே நிறுவனம் மீண்டும் வச்சிரத்தை எடுத்துக்கொண்டது.

வச்சிரம் இரண்டு விதமாகப் பிடிக்கிறது. சூடாகப் பூசியதும் ஆறி, கூழாகி, முதற்பிடி கொடுக்கும். பிறகு அதிலுள்ள நீர் மரத்துக்குள் இழுபடும்போது சுருங்கி, இரு மரங்களையும் நெருக்கும். காய்ந்துவிட்டால் கண்ணாடிபோல் கெட்டி. ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்து படும்போது மறுபடி இளகும். பழைய வச்சிரத்தின் மேல் புதிய வச்சிரம் ஒட்டும்; செயற்கைப் பசைகளில் பலவற்றுக்கு இந்தக் குணம் இல்லை. நூறு ஆண்டு தாண்டிய கித்தாரையும் வயலினையும் திறந்து, உள்ளே செப்பனிட்டு, திரும்ப மூட முடிவது இதனால்தான்.

மாட்டுத் தோல் என்றதும் சிலர் தயங்கலாம். அந்தத் தயக்கத்தை மதிக்கிறோம். மிருதங்கத்திலும் தவிலிலும் நம் உறுமியிலும் பேசுவது தோல்தான் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். மனம் ஒப்பாதவர்களுக்குத் தச்சர்கள் இன்று பயன்படுத்தும் மஞ்சள் நிற மரப்பசை இருக்கிறது. நல்ல கித்தார்கள் பல அதனால் ஒட்டப்படுகின்றன. பிரிப்பதுதான் சற்றுக் கடினம்.

எதற்கு எந்தப் பசை?

வச்சிரத்துக்கு ஓர் எண் உண்டு. பசைக்கூழை ஒரு சிறு உருளையால் 4 மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிராம் விசை வேண்டுமோ, அதுவே அந்த எண். வாத்தியம் செய்வோர் பெரும்பாலும் 192 கிராம் வகையை வாங்குகிறார்கள். 251 இன்னும் பலமானது; ஆனால் விரைவில் உறையும். 315 வகை நம் கை வேகத்துக்கு ஒத்து வராது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு 192 போதும். குதிரைக்கும், பலகையின் உள்ளே தாங்கும் சட்டங்களுக்கும் இதுவே ஏற்றது.

மீன் தோலிலிருந்து எடுப்பது மீன் பசை. இதைக் காய்ச்ச வேண்டாம்; போத்தலிலிருந்து அப்படியே ஊற்றலாம். மெதுவாக இறுகும் என்பதால் பொறுமையாகப் பொருத்த நேரம் கிடைக்கும். ஓர விளிம்புப் பட்டை ஒட்டவும், முத்துச்சிப்பி பதிக்கவும் வசதி. ஆனால் ஈரக்காற்றுக்கு வச்சிரத்தைவிட எளிதில் இளகக்கூடியது. ஆகவே நம் நாட்டில் பெரிய இழுப்புள்ள இடங்களுக்கு இதை நம்ப வேண்டாம்.

மாட்டுப்பாலின் புரதத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துச் செய்வது கேசீன் பசை. முதல் உலகப் போரில் மரத்தால் செய்த விமானங்களை இதனால் ஒட்டினார்கள். ஈரத்தை நன்றாகத் தாங்கும். குறை என்னவென்றால், பிரிப்பது கடினம். சில மரங்களில் கறையும் பிடிக்கும்.

காய்ச்சும் முறை

குதிரை ஒட்ட 20 கிராம் வச்சிரம் தாராளம். அதை ஒரு சிறு கண்ணாடிப் போத்தலில் போட்டு, 40 கிராம் குளிர்ந்த நீர் ஊற்றி இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். மணிகள் நீரைக் குடித்து உப்பிவிடும். பிறகு போத்தலை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்துச் சூடாக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது. பசையின் சூடு 60 பாகை செல்சியஸ் அளவில் நிற்க வேண்டும். கொதித்தால் பலம் போய்விடும். குழந்தையின் பால் போத்தலைச் சூடாக்கும் சிறு கருவி வீட்டில் இருந்தால் இதற்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் வெப்பமானி வைத்துச் சூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூரிகையை முக்கித் தூக்கினால் பசை நூல்போல அறுபடாமல் ஒழுக வேண்டும். கட்டியாக விழுந்தால் சில துளி வெந்நீர் சேர்க்கலாம். சொட்டுச் சொட்டாக விழுந்தால் நீர் கூடிவிட்டது என்று பொருள்.

ஒட்டுமுன் செய்ய வேண்டியவை:

தந்திகளைத் தளர்த்திக் கழற்றுங்கள். தூக்கிய குதிரையை இலேசாகச் சூடாக்கி, வெந்நீரில் நனைத்த மெல்லிய மழுங்கல் கத்தியை நார் போகும் திசையில் சிறிது சிறிதாகச் செலுத்துங்கள். அவசரம் வேண்டாம், அவசரப்பட்டால் பலகை பெயரும். பழைய பசையை வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து, மரத்தை நன்றாக உலரவிடுங்கள். செயற்கைப் பசை இருந்தால் அதை முழுவதும் சுரண்டி எடுக்காமல் வச்சிரம் பிடிக்காது.

பிறகு ஒத்திகை! பசை இல்லாமலே குதிரையை வைத்து, கிளாம்புகளைப் பூட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஏனெனில் வச்சிரம் பூசிய பின் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். குதிரையை விளக்கின் அருகே வைத்துச் சூடாக்கிக்கொண்டால் இன்னும் சற்று நேரம் கிடைக்கும். காற்றாடியை நிறுத்திவிடுங்கள், குளிர்காற்று பட்டால் பூசும்போதே உறைந்துவிடும்.

பூசுங்கள், வையுங்கள், பூட்டுங்கள். பிதுங்கி வருவதை வெந்நீர்த் துணியால் துடையுங்கள். கிளாம்புகளை ஓர் இரவு அப்படியே விட்டு, பிறகு அவிழ்த்து, இரண்டு நாள் பொறுத்துத் தந்தி பூட்டுங்கள். மீந்த பசையை ஐஸ் பெட்டியில் சில நாள் வைக்கலாம். வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

ஈரமும் வெயிலும்

நம் காற்றில் ஈரம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைத் தொடும். மழைநாளில் திறந்த சன்னலருகே கித்தாரை மாட்டாதீர்கள். ஈரச்சுவரில் சாய்க்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நெடுநாள் வாசிக்கப் போவதில்லை என்றால் தந்திகளைச் சற்றுத் தளர்த்தி வைத்தால் குதிரைக்கு ஓய்வு கிடைக்கும்.

அண்ணனின் கித்தார் என்ன ஆயிற்று? பிய்ந்த இடத்தைச் செதுக்கி, வேறொரு மரத்துண்டைப் பதித்து, வச்சிரம் காய்ச்சி ஒட்டித் தந்தார் ஆசாரி. கித்தார் வாங்கிய விலையில் பாதி கூலியாகப் போயிற்று. பதித்த துண்டின் நிறம் இன்றைக்கும் தனியாகத் தெரிகிறது. அதன் பிறகு ஒருமுறை குதிரை விட்டது. அரை நாளில் அண்ணனே காய்ச்சி ஒட்டிவிட்டார்.

தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. ஆசாரியும் காலமாகிவிட்டார். கித்தார் அண்ணன் மகளிடம் இருக்கிறது. போன வாரம் அவள் தொலைபேசியில் கேட்டாள்: "சித்தப்பா, குதிரைக்கு அடியில் தாள் போகிறதே, கடையில் பசை வாங்கி ஒட்டட்டுமா?"

"கடைக்குப் போகாதே அம்மா. அப்பாவிடம் வச்சிரம் இருக்கும், கேள்" என்றேன்.