பல பார்ட், ஒரே ஃபைல்: சேர்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

பாலக்கோடு என்றால் தக்காளி மண்டியும் கூட்டுறவு சர்க்கரை ஆலையும்தான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வரும். அதே ஊரிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூர் தொழிற்சாலைகளுக்குப் போகிற ஐடிஐ, டிப்ளமோ இளைஞர்களும் நிறைய. அவர்களில் டிசைன் பிரிவில் சேர்பவர்களிடம் சீக்கிரமே ஒரு வேலை வந்து சேரும்: “அசெம்பிளியா அனுப்பாதீங்க. ஒரே பார்ட்டா மாத்துங்க. ஆனா நாங்க திருத்துற மாதிரி இருக்கணும்.”

கேட்பதற்குச் சின்ன வேலை. செய்வதற்கும் பெரும்பாலும் சில கிளிக்குகள்தான். ஆனால் எப்படிச் சேர்த்தோம் என்பதைப் பொறுத்து, வாங்குபவர் கைக்குப் பயனுள்ள மாடல் போகலாம், தொட முடியாத கட்டியும் போகலாம்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். தக்காளியை அளவுவாரியாகப் பிரிக்கும் இயந்திரம். சதுரக் குழாயில் வெல்டிங் செய்த ஃபிரேம், அதன்மேல் சுழலும் நைலான் உருளைகள், ஸ்டீல் ஷாஃப்ட், பேரிங், மோட்டார், கியர்பாக்ஸ், ஏகப்பட்ட போல்ட், நட்டு. உருளைகளுக்கு இடையிலான சந்து போகப்போக அகலமாகும். சின்னப் பழம் முதலில் விழும், பெரிது கடைசியில். கணினியில் இது, பல பார்ட்டுகள் சேர்ந்த ஒரு அசெம்பிளி.

அசெம்பிளி ஃபைலுக்குள் என்ன இருக்கிறது?

சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர் போன்ற 3டி டிசைன் மென்பொருள்களில் அசெம்பிளி ஃபைல் என்பது கல்யாணப் பத்திரிகை மாதிரி. பெயர்கள் இருக்கும், ஆட்கள் இருக்கமாட்டார்கள். எந்தப் பார்ட் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எதன் முகம் எதோடு ஒட்டி நிற்கிறது, எது சுழல வேண்டும் என்ற உறவுகள்தான் அதில் பதிவாகும். இந்த உறவுகளுக்கு சாலிட்வொர்க்ஸில் ‘மேட்’ என்று பெயர். பார்ட்டுகளின் உருவம் தனித்தனி ஃபைல்களில் இருக்கும். அசெம்பிளி ஃபைலை மட்டும் மெயிலில் அனுப்பினால் எதிர்முனையில் ‘ஃபைலைக் காணவில்லை’ என்று வருவது இதனால்தான்.

எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புவதுதான் நோக்கம் என்றால், ஒரே பார்ட்டாக்கத் தேவையே இல்லை. சாலிட்வொர்க்ஸில் ‘பேக் அண்ட் கோ’ என்ற வசதி, தொடர்புள்ள அத்தனை ஃபைல்களையும் ஒரே ஃபோல்டரிலோ ஜிப்பிலோ கட்டிக் கொடுத்துவிடும்.

எப்போது ஒன்றாக்க வேண்டும்?

உள் அமைப்பை வெளியில் காட்ட விரும்பாதபோது. தொழிற்சாலையின் மொத்த லேஅவுட்டில் நம் இயந்திரத்தை வைத்துப் பார்க்க, கனமில்லாத மாடல் வேண்டும்போது. 3டி பிரிண்ட் எடுக்கும்போது: ஒன்றுக்குள் ஒன்று புகுந்த உருவங்களை அப்படியே அனுப்பினால் உள்சுவர்கள் மிஞ்சிக் குழப்பம் தரும். நான்காவது, பலர் யோசிக்காதது: நிஜத்திலேயே வெல்டிங் செய்து ஒன்றான பொருள். நம் இயந்திரத்தின் ஃபிரேமை முதலில் வெல்டிங் செய்து, பிறகுதான் பேரிங் உட்காரும் துளைகளைப் போடுவார்கள். வெல்டிங் சூட்டில் குழாய் வளையும் என்பதால் முன்பே போட்ட துளை நேர்கோட்டில் நிற்காது. அந்த ஃபிரேமைக் கணினியிலும் ஒரே பார்ட்டாக்கி, அதன்மேல் துளை போடுவதுதான் சரி.

மூன்று வழிகள்

முதல் வழி, அசெம்பிளியைப் பார்ட்டாகச் சேமிப்பது. சாலிட்வொர்க்ஸில் ‘சேவ் ஆஸ்’ போய் பார்ட் வகையைத் தேர்ந்தால் முக்கியமாக மூன்று தேர்வுகள் வரும். எல்லாப் பார்ட்டுகளும், வெளியே தெரியும் பார்ட்டுகள் மட்டும், வெளி முகங்கள் மட்டும். கடைசியைத் தேர்ந்தால் ஃபைல் லேசாகும். ஆனால் கிடைப்பது மேற்பரப்புத் தோல். உள்ளே திடப்பொருள் இல்லை. அதில் எடையும் பார்க்க முடியாது, வழக்கம்போல் துளையும் போட முடியாது. திருத்த வேண்டும் என்றால் முதல் தேர்வுதான். அப்போது ஒரே பார்ட்டுக்குள் பல திடப்பொருள்கள், அதாவது ‘பாடி’கள், தனித்தனியாக இருக்கும்.

இரண்டாவது வழி, மூலத்தோடு தொடர்பை விடாமல் சேர்ப்பது. இன்வென்டரில் ‘டெரைவ்’, சாலிட்வொர்க்ஸில் ‘ஜாயின்’. மூலப் பார்ட்டில் நீளத்தை மாற்றினால் சேர்த்த பார்ட்டிலும் மாறும். வேண்டாம் என்றால் தொடர்பை அறுத்துவிடலாம். அறுத்த பிறகு மூலத்தில் செய்யும் மாற்றம் இங்கே வராது.

மூன்றாவது, பொது வடிவமான ஸ்டெப். இது 1994-ல் முதலில் வெளியான ஐஎஸ்ஓ 10303 தரநிலை. பெரும்பாலான டிசைன் மென்பொருள்கள் படிக்கும். ஆனால் ஸ்கெட்ச், எக்ஸ்ட்ரூட், ஃபில்லட் என்று நாம் வரைந்த படிகளின் வரலாறு அதில் போகாது. உருவம் மட்டும் போகும். காசில்லாத ஃப்ரீகேட் பயன்படுத்துபவர்கள் இந்த ஃபைலைத் திறந்து, பார்ட் பகுதியில் உள்ள ‘யூனியன்’ கட்டளையால் சேர்க்கலாம்.

0.1 மில்லிமீட்டர் சந்து

பல பாடிகளை ஒரே பாடியாக்க சாலிட்வொர்க்ஸில் ‘கம்பைன்’ உண்டு. பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 10 மி.மீ. பின், 10.2 மி.மீ. துளை. நடுவில் நிற்கும் பின்னைச் சுற்றி 0.1 மி.மீ. காற்று. திரையில் அது கண்ணுக்கே தெரியாது, ஆனால் மென்பொருளுக்கு இரண்டும் தொடாத பொருள்கள். சேர்க்க மறுத்துவிடும். பின்னுக்குத் தலை இருந்து, அது தகட்டின் மேல் பட்டு உட்கார்ந்தால் அந்த முகம் வழியே சேர்ந்துவிடும். சுற்றியுள்ள சந்து மட்டும் உள்ளே அப்படியே இருக்கும்.

இன்னொரு தொல்லை, இரண்டு பொருள்கள் ஒரு கோட்டிலோ புள்ளியிலோ மட்டும் தொடுவது. தட்டையான தகட்டின் மேல் படுத்திருக்கும் உருளை அப்படித்தான். அந்தக் கோட்டில் கனமே இல்லாததால் பிழை வரும். உருளையை ஒரு துளி கீழே இறக்கித் தகட்டுக்குள் புகவிட்டால் சேர்ந்துவிடும்.

‘திருத்தலாம்’ என்றால் எந்த அளவுக்கு?

வாங்குபவரிடம் முன்பே கேட்க வேண்டியது இதைத்தான். அளவை மாற்றினால் எல்லாம் தொடர்ந்து மாற வேண்டுமா? அப்படியானால் மூலத்தோடு தொடர்புள்ள வழி. ஒரு துளையை நகர்த்தவும் ஒரு பட்டியை நீட்டவும் மட்டும் போதுமா? அப்படியானால் ஸ்டெப் ஃபைலே போதும். வரலாறு இல்லாத உருவத்திலும் முகத்தைப் பிடித்து நகர்த்தவும், வேண்டாத துளையை அழித்து மூடவும் இன்றைய மென்பொருள்களில் வசதி இருக்கிறது.

இரண்டிலும் இழப்பு உண்டு. ஒரே பாடியான பிறகு உருளை சுழலாது. உதிரிபாகப் பட்டியல் எடுத்தால் ஒரே வரிதான் வரும். எத்தனை போல்ட் வாங்க வேண்டும் என்று அதைக் கேட்க முடியாது. எடைக் கணக்கும் தவறும். ஸ்டீலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், நைலானுக்குச் சுமார் 1.14. இரண்டையும் ஒரே பாடியாக்கி ஸ்டீல் என்று குறித்தால், நைலான் உருளைகள் கிட்டத்தட்ட ஏழு மடங்கு கனக்கும். வலிமைச் சோதனையும் ஏமாற்றும்: போல்ட் போட்ட மூட்டு நிஜத்தில் வழுக்கும், விலகும், சேர்த்த மாடலில் அது ஒரே வார்ப்பாகி, இல்லாத உறுதியைக் காட்டும்.

ஃபைலில் சேர்வதும் உலோகத்தில் சேர்வதும்

பல பாகங்களை நிஜமாகவே ஒன்றாக்குவது வேறு வேலை. விமான எஞ்சினான லீப்பின் எரிபொருள் நாசில் முனையில் முன்பு சுமார் 20 பாகங்களை இணைக்க வேண்டியிருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் அதை ஒரே துண்டாக 3டி பிரிண்ட் செய்து எடையையும் 25 சதவீதம் குறைத்தது. சென்னை ஐஐடி வளாகத்தில் வளர்ந்த அக்னிகுல் காஸ்மோஸ், மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும் எஞ்சினையே ஒரே துண்டாக அச்சிட்டு, 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறக்கவிட்டது. அங்கே குளிர்விக்கும் பாதை, சுவர்க் கனம், அச்சிடும் திசை என்று எல்லாவற்றையும் ஒரே துண்டுக்காகப் புதிதாக யோசித்தார்கள். பழைய அசெம்பிளியை ‘கம்பைன்’ செய்து அந்த எஞ்சின் வரவில்லை.

பட்டறைக்கு ஒரு நடைமுறை. மூல அசெம்பிளியைத் தொடாமல் வையுங்கள்; சேர்த்த பார்ட்டை வேறு பெயரில், தேதியோடு சேமியுங்கள். போல்ட், வாஷர், பிராண்ட் எழுத்து போன்றவற்றை, ஒன்றாக்குவதற்கு முன்பே ஒரு நகலில் நீக்குங்கள். எடையையும் உதிரிபாகப் பட்டியலையும் மூலத்திலிருந்தே எடுத்துக் கூடவே அனுப்புங்கள். உற்பத்திக்கான டிராயிங்கையும் மூலத்திலிருந்தே போடுங்கள். வாடிக்கையாளர் நாளை ஒரு மாற்றம் கேட்டால் மூலத்தில் செய்து மறுபடி சேர்த்து அனுப்பலாம்; சேர்த்ததைப் பிரித்தாலும் மூலம் அதன் மேட்களோடும் வரலாற்றோடும் திரும்ப வராது.