பெயர்ப்பலகை மாறிய பள்ளிக்கூடம்

வலிகாமத்தில் எங்கள் ஊர்ப் பாடசாலையின் பெயர்ப்பலகையில் ‘மகா வித்தியாலயம்’ என்று இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் அது இன்னும் ‘கொன்வென்ற்’தான். அம்மாவும் நானும் படித்தது அங்கேதான்.

1862ஆம் ஆண்டு, செமேரியா ஆண்டகையின் அழைப்பை ஏற்று பிரான்சின் போர்தோ நகரிலிருந்து திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தனர். நகரிலும் பின்னர் இளவாலையிலும் மடங்களோடு பெண்கள் பாடசாலைகள் வளர்ந்தன. அமெரிக்க மிஷன் 1824இலேயே உடுவிலில் தொடங்கிவிட்டது. கத்தோலிக்கரும் பின்னிற்க விரும்பவில்லை. மதப் போட்டிதான், மறைப்பதற்கில்லை. ஆனாலும் அதனால் எழுத்தறிந்தவர்கள் எங்கள் அம்மம்மாமார்.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உதவி பெறும் பாடசாலைகளின் முகாமை அரசின் கைக்குப் போனது. அடுத்த ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் நட்டஈடின்றிக் காணியையும் கட்டடங்களையும் எடுத்தது. பெரிய பாடசாலைகள் சில தனியாராகவே நின்றன. ஆனால் கட்டணம் வாங்க முடியாது, அரசின் உதவிப் பணமும் கிடையாது. சிறிய ஊர்ப் பாடசாலைகளால் அது முடியுமா? தென்னிலங்கையில் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே தங்கியிருந்து எதிர்த்தார்கள். அம்மா அப்போது ஐந்தாம் வகுப்பு. மறுநாளும் அதே சிஸ்ரர்தான் வந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தாராம்.

இந்தக் கதையை நான் தேடிப் போனது ஒரு துண்டுக் கடதாசிக்காக. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது சான்றிதழ்கள் அலுமாரிக்குள் கிடந்தன. திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை. முன்பள்ளி ஆசிரியர் வேலைக்கு விடுகைப் பத்திரம் கேட்டார்கள்.

அதிபர் பழைய சேர்விடாப்புகளை எடுத்துத் தந்தார். செல் அரித்த ஓரங்கள், மழை நனைந்த பக்கங்கள். தேடத் தேட என் பெயர் வந்தது. சேர்ந்த திகதி, தகப்பனின் தொழில் ‘கமம்’. அதை வைத்து அன்றைக்கே பத்திரம் எழுதிக் கொடுத்தார். சான்றிதழ் தொலைத்த சகோதரிகள் முதலில் படித்த பாடசாலைக்குத்தான் போக வேண்டும். பாடசாலை வேறு பெயரில், வேறு இடத்தில் இயங்கினாலும் இடாப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரண தரப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்தில் எடுக்கலாம். தோற்றிய ஆண்டையும் சுட்டெண்ணையும் கேட்பார்கள்.

இன்னொரு பழைய இடாப்பில் அம்மாவின் பெயரும் கிடைத்தது. அடுத்த நாள் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“சிஸ்ரர் என்ரை பேரைப் பிழையா எழுதிப்போட்டா,” என்றார்.