வைத்தியமும் விலையும்

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணற்கரையில் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். அங்குள்ள மீனவன் விலை அறியாதவன் அல்லன். கரையில் கொட்டிய மீனுக்குப் பலர் காதுபட ஏலம் கூறப்படுகிறது. கேட்ட தொகை கட்டாவிட்டால் ‘கொடேன்’ என்று சொல்ல அவனுக்கு வழியுண்டு. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவனுக்கு அவ்வழி குறுகியதே என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அதே மனிதன் நோயாளியாகித் தனியார் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால், விலை கடைசியில் பில்லாகத்தான் கண்ணிற் படுகிறது.

‘உயிர் ஊசலாடும் வேளையில் பேரமா?’ என்று நண்பர்கள் சிலர் கேட்பார்கள். விலையை நினையாதிருக்கக் கூடியவன் செல்வன் ஒருவனே. ஏழை அதையே நினைக்கிறான், கேட்கத்தான் கூசுகிறான். தொகை தெரியாததால் அதை மனத்திலே பெருக்கிக்கொண்டு வீட்டிலேயே முடங்கிவிடுகிறான். அல்லது நகையை அடகு வைத்துச் சேர்ந்து, பணம் தீர்ந்ததும் அரைகுறைச் சிகிச்சையோடு திரும்புகிறான்.

இதற்கு நேர்மாறான மயக்கமும் உண்டு. ஒரே மருந்து வெவ்வேறு கம்பெனிப் பெயர்களில் வெவ்வேறு விலைக்கு விற்கிறது. மலிவான மாத்திரையைப் பெற்றவன் ‘இது கேட்குமா?’ என்று சந்தேகிக்கிறான். ஆகவே தொகையை மட்டும் சொல்லிப் பயனில்லை. அதற்கு என்ன கிடைக்கும், குறைந்த செலவில் வேறு வழியுண்டா என்பதையும் உடன் சொல்லவேண்டும். இருதய ரத்தக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட் ஒரு காலத்தில் லட்ச ரூபாய்க்கு மேலும் விற்றது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்ச வரம்பு விதித்தது. அதற்கு முன் பெருந்தொகை கொடுத்தவர்கள் விஷயம் தெரிந்தா கொடுத்தார்கள்? ஆபரேஷன் மேஜைமீது கிடப்பவன் எதைத் தேர்ந்தெடுப்பான்!

சட்டம் என்ன சொல்கிறது? 2008-ல் சமீரா கோலி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, நோயாளியின் சம்மதம் செல்லவேண்டுமாயின் சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழிகள், அபாயங்கள், மறுத்தால் விளையும் கேடு ஆகியவற்றை அவனுக்கு விளக்கவேண்டும் என்றது. செலவு அந்த ஜாபிதாவில் இல்லை. வக்கீல் தொழிலறிந்த நமக்கு இது பெருங்குறையாகவே தோன்றுகிறது. 2002-ம் வருஷத்து மருத்துவக் கௌன்சில் விதிகளோ, டாக்டர் தம் கட்டணத்தைப் பலகையில் எழுதி வைக்கவேண்டும் என்கின்றன. அப்பலகையை நேயர்கள் எத்தனை வாசல்களில் கண்டிருக்கிறார்கள்?

சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறதே எனலாம். உண்மை, ஆனால் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிவரை சென்றுவரும் வண்டிச் சத்தமும், துணைக்குப் போனவன் இழக்கும் தொழில்நாளும் யார் கணக்கில் ஏறுவது? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடந்துவருகிறது. தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷம் 5 லட்ச ரூபாய் வரை, திட்டத்திற் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் கைப்பணமின்றிச் சிகிச்சை கிடைக்கும். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பதும் முன்பே நிர்ணயமாகியிருக்கிறது. சர்க்காரும் ஆஸ்பத்திரியும் அறிந்த அந்தத் தொகையைப் படுக்கையில் கிடப்பவன் மட்டும் ஏன் அறியலாகாது?

தேர்தல் வந்தால் குப்பந்தோறும் சுவரில் எழுதும் ஊழியர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். மீன் ஏலம் போகும் கரையில் ஒரு பலகை நடுங்கள். காப்பீடு எந்த ஆஸ்பத்திரிகளில் செல்லும், எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு, அட்டையோடு யாரிடம் முதலில் போகவேண்டும் என்பவற்றைத் தமிழில், வயோதிகர் கண்ணுக்கும் தெரியும்படி பெரிய எழுத்தில் எழுதுங்கள். எழுத்தறியாதவர்களுக்கு வாரம் ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டுங்கள்.