கழிவுக் காகிதத்தில் கலைப்பொருளும் அணிகலனும்

பழைய செய்தித்தாள், நாட்காட்டித் தாள், அட்டைப் பெட்டி முதலியவற்றிலிருந்து மாலைகள், காதணிகள், பேழைகள், பொம்மைகள் ஆகியவற்றைச் செய்யும் கைத்தொழில் நம் நாட்டின் பல பகுதிகளில் நடைபெற்று வருகிறது. மகளிர் குழுக்கள் இதனைத் துணைத் தொழிலாக மேற்கொள்ளுகின்றன; பள்ளிகளில் இது கைவேலைப் பாடமாகவும் கற்பிக்கப்படுகிறது. இத்தொழிலுக்கு வேண்டிய முதலீடு சிறிது. மூலப்பொருள் எளிதில் கிடைப்பது. ஆயினும், கோடையில் செய்து விற்ற பொருள் மழைக்காலத்தில் கெட்டுப்போவது பல இடங்களில் காணப்படும் குறை. மணிகள் உப்பிப் பிரிகின்றன. பேழைகளின் மேல் பூசணம் படர்கிறது. வண்ணப் பூச்சு வெடித்து உதிர்கிறது. ஒருமுறை இவ்வாறு ஏமாற்றமடைந்தவர் அக்குழுவின் பொருளை மீண்டும் வாங்கமாட்டார்.

இக்குறைகள் வெவ்வேறாகத் தோன்றினும் இவற்றின் காரணம் ஒன்றே. அது நீர். காகிதத்தை வேண்டிய வடிவுக்குக் கொண்டுவருவது நீர். அவ்வடிவைக் குலைப்பதும் நீரே. நீரை எப்போது சேர்ப்பது, எவ்வாறு முழுவதும் நீக்குவது, நீக்கிய பின் மீண்டும் புகாமல் எவ்வாறு தடுப்பது என்னும் மூன்றையும் அறிந்தவரே இத்தொழிலில் நிலைத்து நிற்க இயலும்.

காகிதத்தின் அமைப்பு

காகிதம் என்பது செல்லுலோஸ் நார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிப் படிந்த ஒரு படலம். நீரில் மிதக்கும் நார்களைச் சல்லடையில் வடித்து உலர்த்தும்போது, நீர் வெளியேற வெளியேற நார்கள் நெருங்கி வருகின்றன. முற்றிலும் நெருங்கிய நிலையில் ஒரு நாரின் மேற்பரப்புக்கும் மற்றொரு நாரின் மேற்பரப்புக்கும் இடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டாகின்றன. சாதாரணக் காகிதத்தின் உறுதிக்கு இவையே முதற்காரணம்.

காகிதம் நனைந்தால் நீர் மூலக்கூறுகள் நார்களுக்கிடையே புகுந்து இப்பிணைப்புகளைத் துண்டிக்கின்றன. ஊறிய செய்தித்தாள் கையால் பிசைந்தவுடன் கூழாவது இதனாலேயே. அக்கூழை மறுபடி உலர்த்தினால் பிணைப்புகள் மீண்டும் உண்டாகின்றன. கழிவுக் காகிதத்திலிருந்து புதுப்பொருள் செய்வது இப்பண்பினால்தான் சாத்தியமாகிறது.

ஆனால் இது முடிவின்றி நடைபெறக் கூடியதன்று. ஒவ்வொரு முறை கூழாக்கி உலர்த்தும்போதும் நார்கள் குட்டையாகின்றன, விறைத்துப் போகின்றன. பொதுவாக ஐந்து முதல் ஏழு சுழற்சிகளுக்குப் பின் அந்நார் புதுக் காகிதம் செய்யத் தகுதியற்றதாகிறது. அத்தகைய குட்டை நாரும், பசையின் துணை இருப்பின், பொம்மைக்கும் பேழைக்கும் போதுமானது. ஆலைக்கு உதவாத காகிதம் கைவினைஞருக்கு உதவுவது இவ்வகையிலாகும்.

எக்காகிதம் எதற்கு ஏற்றது

செய்தித்தாள் பெரும்பாலும் மரத்தை அரைத்துப் பெற்ற கூழினாலும் மறுசுழற்சிக் கூழினாலும் ஆனது. எளிதில் ஊறிக் கரையும். எனவே கூழ் வேலைக்கு மிக ஏற்றது. மரத்தை அரைத்துப் பெற்ற கூழில் லிக்னின் என்னும் பொருள் எஞ்சியிருப்பதால் அக்காகிதம் வெயிலில் மஞ்சளாகும். ஆகவே அதனை மேற்புறத்தில் வெளித்தெரிய வைத்தல் நன்றன்று. பழுப்பு நிற அட்டைப் பெட்டியின் காகிதத்தில் நீண்ட நார்கள் இருக்கலாம். அதனைச் செய்தித்தாள் கூழுடன் கலந்தால் பொருள் உறுதி பெறும். வண்ண இதழ்களின் பளபளப்பான தாளும் நாட்காட்டித் தாளும் மணி சுருட்ட ஏற்றவை. அவற்றில் உள்ள அச்சு மை நீரில் கரைவதில்லை. கணினி அச்சுப் பொறிகளில் நீர்மம் தெளித்து அச்சிட்ட தாள்களின் வண்ணமோ, பசை பட்டவுடன் கசியக்கூடும்.

தவிர்க்க வேண்டியவையும் உள. தேநீர்க் காகிதக் குவளைகளில் பாலித்தீன் படலம் உண்டு, அவை கூழாகா. கடைகளில் இயந்திரம் அச்சிட்டுத் தரும் வழவழப்பான பில் தாள், வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் வகையைச் சேர்ந்தது. அதில் பிஸ்பீனால் வகை ரசாயனம் பூசப்பட்டிருப்பது உண்டாதலால் அதனைக் கையால் பிசையும் வேலைக்குக் கொள்ளலாகாது.

காஷ்மீரத்துக் கலைஞர்களின் முறை

காகிதக் கூழ்க் கலையில் நம் நாட்டில் பெரும்புகழ் பெற்றது காஷ்மீரம். எழுதுகோல் பேழைகள் செய்வதில் தொடங்கியதால் அக்கலைக்கு 'கார்-இ-கலம்தான்' என்னும் பெயரும் அங்கு வழங்கியது. 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் ஸ்ரீநகரைக் கைவினை மற்றும் நாட்டுப்புறக் கலைகளுக்கான படைப்பு நகரங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

அங்கு வேலை இரு பகுதிகளாகப் பிரிந்துள்ளது. வடிவம் செய்வது 'சக்த்சாசி'. அதன்மேல் ஓவியம் தீட்டுவது 'நக்காஷி'. சக்த்சாசிக் கலைஞர் கழிவுக் காகிதத்தைப் பல நாட்கள் நீரில் ஊறவைத்து, கல் உரலில் இடித்துக் கூழாக்குகிறார். அரிசிப் பசை சேர்த்து அச்சின் மேல் அப்பி உலரவிடுகிறார். நன்கு உலர்ந்தபின் அதனை வாளால் இரண்டாக அறுத்து அச்சிலிருந்து கழற்றி, வஜ்ஜிரப் பசையால் மீண்டும் ஒட்டுகிறார். அரத்தால் சமன்செய்து, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சிட்டு, சுட்ட செங்கல் துண்டால் தேய்த்து வழவழப்பாக்குகிறார். பின் மெல்லிய காகிதத் துண்டுகளை மேலே ஒட்டுகிறார். அடிப்படையிலுள்ள கூழ் சிறிது அசைந்தாலும் மேலுள்ள வண்ணம் வெடிக்காமல் காப்பது இம்மெல்லிய காகிதப் படலமே. இவ்வளவும் முடிந்த பிறகே ஓவியர் தூரிகையைத் தொடுகிறார். இறுதியில் வார்னிஷ் பூசப்படுகிறது.

இம்முறையில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. ஒவ்வொரு படிக்கும் இடையே உலரும் காலம் விடப்படுகிறது. விலைமலிவுக்காக மரத்தின் மேலும் ஆலை அட்டையின் மேலும் இதே ஓவியத்தைத் தீட்டி விற்பதும் இக்காலத்தில் உண்டு. அதனால் முதலில் வேலை இழப்பவர் கூழ் இடிக்கும் சக்த்சாசிக் கலைஞரே.

பீகாரின் மிதிலைப் பகுதிப் பெண்களும் இக்கலையில் வல்லவர்கள். அப்பகுதியைச் சேர்ந்த சுபத்ரா தேவி அவர்களுக்கு இக்கலைக்காக 2023ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தெற்கே புதுச்சேரியை அடுத்த திருக்கனூரிலும் காகிதக் கூழ்ப் பொம்மைத் தொழில் நடைபெறுகிறது.

பள்ளிக்கும் குழுவிற்கும் ஏற்ற கூழ் முறை

செய்தித்தாளை இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள துண்டுகளாகக் கிழித்து, சுடுநீர் ஊற்றி ஓரிரவு ஊறவைத்தல் வேண்டும். கத்தரியால் வெட்டுவதைவிடக் கையால் கிழிப்பது நல்லது. கிழிந்த ஓரத்தில் நார்கள் முறியாமல் நீண்டிருக்கும். மறுநாள் உரலில் இடித்து, துணியில் கட்டிப் பிழிய வேண்டும். 100 கிராம் உலர்ந்த காகிதத்திற்கு 25 முதல் 30 கிராம் மைதாவைப் பசையாகக் காய்ச்சிச் சேர்த்துப் பிசையலாம். மைதாவை வெந்நீரில் வெறுமனே கரைத்தால் போதாது. அடுப்பில் கிளறிக் காய்ச்ச வேண்டும். ஏறத்தாழ 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல்தான் மாவுப்பொருள் நீரை ஏற்று வீங்கிப் பசையாகிறது.

இறுகப் பிழிந்த கூழிலும் காகிதத்தின் எடையைப் போல் இருமடங்குக்குக் குறையாத நீர் இருக்கும். எனவே ஒரு தடவையில் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் கூழை அப்பலாகாது. கனமாக அப்பி உடனே கடும் வெயிலில் வைத்தால் மேற்புறம் உலர்ந்து இறுக, உட்புறம் ஈரமாகவே நிற்கும். பிறகு உட்புறம் சுருங்கும்போது பொருள் வெடிக்கிறது; அல்லது உள்ளே பூசணம் பிடிக்கிறது. முதல் நாள் காற்றோட்டமுள்ள நிழலிலும், பின்னர் வெயிலிலும் உலர்த்துவதே முறை.

காகித மணி

அணிகலன் வகையில் எளியது காகித மணி. தாளை நீண்ட முக்கோணப் பட்டைகளாக வெட்டி, அகன்ற முனையிலிருந்து கோணி ஊசியின் மேல் இறுகச் சுருட்டி, கூரிய முனையை ஒட்டி, ஊசியை உருவிவிட்டால் நடு பருத்து இரு முனைகளும் ஒடுங்கிய மணி கிடைக்கும். தொடக்கத்தில் ஒரு சுற்று பசையின்றிச் சுருட்டினால் மணி ஊசியில் ஒட்டிக்கொள்ளாது.

மணியின் பருமனை முன்கூட்டியே கணக்கிடலாம். உயர்நிலை வகுப்புக் கணிதப் பாடத்திற்கு இது நல்ல பயிற்சி. பட்டையின் நீளத்தைத் தாளின் கனத்தால் பெருக்கினால் மணியின் நடுக் குறுக்குவெட்டுப் பரப்பு கிடைக்கும். பட்டையின் நீளம் 300 மில்லிமீட்டர், தாளின் கனம் 0.1 மில்லிமீட்டர் எனில் பரப்பு 30 சதுர மில்லிமீட்டர். ஊசியின் விட்டம் 2 மில்லிமீட்டரானால் துளையின் பரப்பு 3.14. இரண்டையும் கூட்டி வட்டத்தின் பரப்பாகக் கொண்டால் மணியின் விட்டம் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் ஆகும். இதில் சுமார் 22 சுற்றுகள் அடங்கும். பட்டையின் நீளத்தை 600 மில்லிமீட்டராக இரட்டித்தால் விட்டம் இரட்டிப்பதில்லை. 9 மில்லிமீட்டரே ஆகிறது. பருமனான மணி வேண்டுவோர் நீளத்தைக் கூட்டுவதைவிடக் கூழை உருட்டி மணி செய்வதே சிக்கனம்.

30 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு தாளில், 2 சென்டிமீட்டர் அடியுள்ள முக்கோணங்களை மேலும் கீழுமாக மாற்றி வரைந்தால் 19 முழுப் பட்டைகள் கிடைக்கும். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளானால் ஒரு மணியின் எடை 0.24 கிராம். 40 மணிகள் கோத்த மாலையில் காகிதத்தின் எடை 10 கிராமுக்கும் குறைவு. கண்ணாடி, சுடுமண் மணிகளுக்கு இல்லாத இந்த எடைக் குறைவே காகித அணியின் தனிச்சிறப்பு.

தாளின் நார்ப்போக்கையும் அறிய வேண்டும். இயந்திரத்தில் செய்த காகிதத்தில் பெரும்பாலான நார்கள் ஒரே திசையில் கிடக்கும். செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் நேராகவும், மறுதிசையில் கிழித்தால் கோணலாகவும் கிழிவது இதனாலேயே. நேராகக் கிழியும் திசையே நார்ப்போக்கு. அது ஊசிக்கு இணையாக அமையுமாறு பட்டையை வெட்டினால் தாள் எளிதில் சுருளும். கனத்த நாட்காட்டித் தாளில் இவ்வேறுபாடு நன்கு புலப்படும்.

பசையும் பூச்சும்

மைதாப் பசையும் புளியங்கொட்டைப் பசையும் மலிவானவை. ஆனால் அவை பூசணத்திற்கும் கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் உணவாகக் கூடியவை. அவ்வப்போது வேண்டிய அளவே காய்ச்சிக்கொள்ள வேண்டும். புளித்த பசை ஆகாது. பழைய முறைகளில் கூழுடன் மயில்துத்தம் சேர்ப்பது உண்டு. அது பூச்சியையும் பூசணத்தையும் தடுக்குமெனினும் நச்சுப் பொருளாதலால் பள்ளிகளில் கையாளத் தக்கதன்று. உப்பைச் சேர்ப்பதும் தவறு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மணி சுருட்டுவதற்கு பாலிவினைல் அசிட்டேட் ஆகிய வெள்ளைப் பசை ஏற்றது.

ஈரப்பதம் 50 விழுக்காடு உள்ள காற்றில் காகிதம் தன் எடையில் ஏறத்தாழ 7 விழுக்காடு நீரைக் கொண்டிருக்கும். மழைக்காலக் காற்றில் அது இருமடங்காகலாம். மேற்பூச்சு இந்நீர் புகுவதைத் தாமதப்படுத்தும். உள்ளே முன்னரே தங்கிய நீரைச் சிறையிட்டுவிடும். ஆகவே பூச்சுக்கு முன் பொருள் முற்றும் உலர்ந்ததா என்பதை எடையால் சோதிக்க வேண்டும். ஒரு மணியை நிறுத்துப் பயனில்லை. 100 மணிகளை ஒருசேர நிறுத்துக் குறித்து, மறுநாள் மீண்டும் நிறுக்க வேண்டும். இரண்டு நாள் எடையும் ஒத்திருந்தால் பூச்சிடலாம். குறைந்திருந்தால் இன்னும் உலர்த்த வேண்டும்.

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லியதாக இரண்டு மூன்று தடவை பூசலாம். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றுவதாதலால் அடுப்பின் அருகில் இவ்வேலை கூடாது. மணியின் துளை முனைகளுக்கும் பூச்சிட மறத்தலாகாது. நீர் பெரும்பாலும் அவ்வழியாகவே புகுகிறது. வண்ணம் வாங்கும்போது ஈயமற்றதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டு மற்றும் அலங்கார வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் இந்திய விதி 2016ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. காதணிக் கொக்கிக்கு நிக்கல் பூசிய கம்பி சிலருக்குத் தோல் அரிப்பை உண்டாக்கும். செய்தித்தாள் கூழில் செய்த கிண்ணத்தை உணவுக்குப் பயன்படுத்தலாகாது. அச்சு மை உணவில் கலக்கும் என்பதால் செய்தித்தாளில் உணவு பொதிவதையே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தவிர்க்குமாறு கூறியுள்ளது.

பருவத்திற்கேற்ற வேலை

குழுக்களுக்கு வழிகாட்டும் களப் பணியாளர்கள் வேலையைப் பருவத்திற்கேற்ப வகுத்துத் தருவது பயனளிக்கும். வறண்ட மாதங்களில் கூழ் வேலையையும் பூச்சு வேலையையும் முடித்துக்கொள்ளலாம். மழை மாதங்களில் தாள் தரம் பிரித்தல், பட்டை வெட்டுதல், முன்னரே பூச்சிட்ட மணிகளைக் கோத்தல் ஆகியவற்றைச் செய்யலாம். விற்பனைக்கு அனுப்புமுன் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஐந்தாறு மணிகளை எடுத்து, ஈரத்துணியுடன் மூடிய பாத்திரத்தில் இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். உப்பாமலும் பிரியாமலும் ஒட்டாமலும் இருந்தால் அத்தொகுதி மழைக்காலத்தைத் தாங்கும். தவறின், அவ்விழப்பு ஐந்தாறு மணிகளோடு நிற்கும். குழுவின் நற்பெயர் பிழைக்கும்.